நல்லவர்கள் நிறைந்த சபைக்கும் விதிகள் வேண்டும்

நீங்கள் கேட்டதை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் சபையில் ஞாயிறு பள்ளிக்கு 60 பிள்ளைகள் வருகிறார்கள். நீங்கள் அதற்குப் பொறுப்பாளர். பக்கத்து ஊர்ச் சபையில் ஒருவர் மேல் போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கு பதிவானதைக் கேள்விப்பட்டு, நாமும் ஏதாவது செய்ய வேண்டாமா என்று மூப்பர்களிடம் கேட்டிருக்கிறீர்கள். "நம்ம சபையில் எல்லாரும் தெரிந்தவர்கள், அந்த மாதிரி ஆள் யாரும் இல்லை" என்று பதில் வந்திருக்கிறது. ஆசிரியர்களுக்குப் போலீஸ் சான்றிதழ் வாங்கினால் போதுமா, பிள்ளைகளுக்கு 'குட் டச், பேட் டச்' சொல்லிக்கொடுத்தால் போதுமா என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: பாஸ்டர் மனம் நோகாமல் இதை எப்படி ஆரம்பிப்பது? உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கும் வருகிறேன்.

நான் சமூகப் பணியாளர். பல வருடங்களாகப் போக்சோ வழக்குகளில் பிள்ளைகளுக்கு ஆதரவு நபராக இருந்து வருகிறேன். அதாவது, புகார் கொடுத்ததிலிருந்து தீர்ப்பு வரும்வரை அந்தப் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் துணையாக இருக்கக் குழந்தைகள் நலக் குழு ஒருவரை நியமிக்கும், அந்த வேலை. பள்ளிகள், விடுதிகள், திருச்சபைகளில் பயிற்சியும் நடத்துகிறேன். வக்கீல் இல்லை, குறிப்பிட்ட ஒரு வழக்கு என்று வந்தால் வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். முதலில் நேராகப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் வாங்குங்கள், ஆனால் போதாது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், அதுவும் போதாது. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று எடைபோடும் வேலையை விட்டுவிட்டு, யாராக இருந்தாலும் ஒரு பிள்ளையோடு மறைவாகத் தனித்திருக்க வழியில்லாதபடி சபையின் நடைமுறைகளை மாற்ற வேண்டும். யாராக இருந்தாலும் என்பதில் பாஸ்டரும் அடக்கம். அப்புறம், ஏதாவது நடந்துவிட்டால் அதை விசாரிப்பது சபையின் வேலை கிடையாது என்று இப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

"எல்லாரும் தெரிந்தவர்கள்" என்பதிலிருந்தே தொடங்கலாம். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் பேசினார்கள். ஏதோ ஒரு வகையான பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53 சதவீதம். அவர்களில் ஆண்பிள்ளைகள் பாதிக்குச் சற்று அதிகம். கொடுமை செய்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கையும் பொறுப்பும் உள்ள இடத்தில் இருந்தவர்கள். காவல்துறையில் பதிவாகும் வழக்குகளை எடுத்தால் அந்த விகிதம் இன்னும் கூடுதல். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, பிள்ளைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்த ஆள்தான். ஆகவே, எல்லாரும் தெரிந்தவர்கள் என்று மூப்பர்கள் சொல்வது நிம்மதிக்கான காரணம் ஆகாது. ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வருமோ, அந்தப் பக்கத்தைத்தான் அவர்கள் பாதுகாப்பு என்று காட்டுகிறார்கள்.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் விதிகள் எதற்கு என்று புரியும். இருட்டில் இழுத்துக்கொண்டு போவது அபூர்வம். பெரும்பாலும் அந்த ஆள் முதலில் குடும்பத்தின் நம்பிக்கையைச் சம்பாதிப்பார். அப்பா இல்லாத பிள்ளை, அம்மா வீட்டுவேலைக்குப் போகும் பிள்ளை, பள்ளிக் கட்டணத்துக்குச் சபையை நம்பியிருக்கும் பிள்ளை, படிப்பில் பின்தங்கி வீட்டில் திட்டு வாங்கும் பிள்ளை. இப்படி ஒரு பிள்ளையிடம் தனிக் கவனம் காட்டுவார். பேனா, சாக்லேட், போன் ரீசார்ஜ், வண்டியில் ஒரு ரவுண்டு. அப்புறம் சின்னதாக ஒரு ரகசியம்: "அம்மாகிட்ட சொல்லாதே." அந்த ரகசியம் வெளியே போகவில்லை என்று தெரிந்தால் அடுத்த அடி. தொடுவதும் அப்படித்தான், முதலில் எல்லாருக்கும் எதிரில், சாதாரணமாக. சபைக்குள் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். அந்த ஆள் ஜெபிக்கிறவர், வசனம் சொல்கிறவர், அம்மாவே காலைத் தொட்டு ஆசீர்வாதம் வாங்குகிறவர். "தேவன் உனக்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறார், அதை எனக்கு வெளிப்படுத்தினார்" என்று அவர் சொன்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை யாரிடம் போய் மறுத்துப் பேசும்? நான் கூட இருந்த பிள்ளைகளில் சிலர் நடந்ததைவிட அதிகமாக அழுதது, சாமிக்கே தன்னைப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டிருந்ததற்காக.

வெளிநாடுகளில் இதைப் பல கோடி செலவில் விசாரித்துவிட்டார்கள். அந்தப் பாடத்தை நாம் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். 2002 ஜனவரியில் அமெரிக்காவின் பாஸ்டன் குளோப் நாளிதழ், ஜான் கேகன் என்ற பாதிரியாரைப் பற்றி எழுதத் தொடங்கியது. 130-க்கும் மேற்பட்டவர்கள் அவர் மேல் குற்றம் சொன்னார்கள். மேலிடத்துக்கு விஷயம் தெரிந்தும் அவரை ஒரு பங்குக் கோவிலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்த வருட முடிவில் பாஸ்டன் கர்தினால் பெர்னார்ட் லா பதவி விலகினார். ஒரு பாதிரியார் பிள்ளைகளைக் கெடுத்தார் என்பதைவிட, பெரியவர்கள் கூடி ஒவ்வொரு தடவையும் அவருக்குப் புதுப் பிள்ளைகளைக் கொடுத்தார்கள் என்பதுதான் அந்தச் செய்தியின் கனம். நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. உதகை மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பாதிரியார் மினசோட்டா மாநிலத்தில் பணி செய்தபோது சிறுமிகள் இருவர் அவர் மேல் குற்றம் சாட்டினார்கள். இந்தியா வந்துவிட்ட அவர் அமெரிக்காவுக்கு நாடுகடத்தப்பட்டு, 2015-இல் ஒரு சிறுமி தொடர்பான குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனைக்குப் பின் ஊர் திரும்பினார். 2016-இல் மறைமாவட்டம் அவருடைய இடைநீக்கத்தை எடுத்துவிட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அது கத்தோலிக்கப் பிரச்சினை, கல்யாணம் பண்ணாமல் இருப்பதால் வருவது" என்று சொல்கிறவர்கள் புராட்டஸ்டண்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் அதிகம். அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்ட் சபைகளில் பாஸ்டர்கள் குடும்பஸ்தர்கள்தான். 2022 மே மாதம் வெளிவந்த விசாரணை அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? குற்றம் சாட்டப்பட்ட 703 பேரின் பட்டியலைத் தலைமை அலுவலகத்தில் ஒருவர் தயாரித்து வைத்திருந்தார். சபைகளை எச்சரிக்க அதை யாரும் பயன்படுத்தவில்லை. "ஒவ்வொரு சபையும் தன்னாட்சி உள்ளது, நாங்கள் தலையிட முடியாது" என்பதுதான் அவர்கள் சொல்லிவந்த காரணம். நம் ஊரில் தனிச் சபைகள் எத்தனை இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சபையில் பிரச்சினை பண்ணிவிட்டு அடுத்த மாவட்டத்தில் புதுப் பெயர்ப்பலகையோடு ஊழியம் ஆரம்பித்தால் கேட்க யார்? பிரம்மச்சரியம் ஒரு காரணமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை நடந்த அரசு விசாரணை ஆணையம், அது நேரடிக் காரணம் இல்லை, வேறு காரணிகளோடு சேரும்போது ஆபத்தைக் கூட்டக்கூடியது என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. எனக்கும் அது நியாயமாகத்தான் தெரிகிறது. கேள்வி கேட்க முடியாத அதிகாரமும், தனிமையும், மூடி மறைக்கும் வழக்கமும் எங்கே சேர்ந்தாலும் அங்கே பிள்ளைகளுக்கு ஆபத்துதான். அதில் சந்தேகம் இல்லை.

அதே ஆணையத்தின் இன்னொரு கண்டுபிடிப்பை மூப்பர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். தங்களிடம் வந்து பேசியவர்கள் நடந்ததை முதன்முதலில் யாரிடமாவது சொல்வதற்குச் சராசரியாக 23.9 வருடம் எடுத்துக்கொண்டதாக அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். "இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை" என்று ஒரு சபை சொன்னால், அதை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது.

சரி, நடைமுறைக்கு வருவோம். நான் ஒரு சபைக்குப் போனால் முதலில் பேச உட்கார மாட்டேன்; கட்டடத்தைச் சுற்றிக் காட்டச் சொல்வேன். ஞாயிறு பள்ளி நடக்கும் அறைகளின் ஜன்னலைப் பார்ப்பேன். பெரும்பாலும் கண்ணாடி மேல் போன வருட வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) பேனரை ஒட்டி மறைத்திருப்பார்கள், வெயில் அடிக்கிறது என்று. கிழித்து எடுக்கச் சொல்வேன். கதவில் கண்ணாடி இல்லையென்றால் வகுப்பு முடியும்வரை கதவு திறந்திருக்க வேண்டும். பீடத்துக்குப் பின்னால் அங்கி மாற்றும் அறை, மாடிப்படிக்கு அடியில் ஸ்பீக்கர் பெட்டி வைக்கும் அறை, மொட்டைமாடி, பின்பக்கக் கழிப்பறை: இவற்றின் சாவி யாரிடம் இருக்கிறது, ஆராதனை நேரத்தில் பூட்டியிருக்கிறதா என்று கேட்பேன். எல்லாரும் கண்மூடிப் பாடிக்கொண்டிருக்கும் அந்த ஒன்றரை மணி நேரம்தான் யாரும் பின்பக்கம் போகாத நேரம். சின்னப் பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போவது யார் என்பதற்கும் ஒரு முறை வேண்டும்: முடிந்தவரை பெற்றோர், இல்லையென்றால் இரண்டு பேராகப் போய், ஒருவர் வெளியே நிற்பது.

அடிப்படை விதி ஒன்றுதான்: பிள்ளைகள் இருக்கும் இடத்தில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், ஒருவருக்கொருவர் சொந்தம் இல்லாதவர்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒருவராகத்தான் கணக்கு, ஏனென்றால் ஒருவரை மற்றவர் காட்டிக்கொடுப்பது கடினம். 17 வயது வாலிபத் தம்பி உதவிக்கு வரலாம். ஆனால் சட்டப்படி அவரும் பிள்ளைதான், பெரியவர் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்று உடனே சொல்வார்கள். அப்படியானால் இரண்டு வகுப்பை ஒன்றாக்குங்கள், ஹாலில் வைத்து நடத்துங்கள். பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டிய தேவை வரும், அது இயல்பு. எல்லார் கண்ணிலும் படுகிற, ஆனால் காதில் விழாத ஓர் இடத்தில் உட்கார்ந்து பேசலாமே.

இனி, சபைகளில் யாரும் யோசிக்காத ஓர் இடத்தைச் சொல்கிறேன்: வேன். பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றி வந்து, முடிந்ததும் இறக்கிவிடும் வேனில் கடைசியாக இறங்கும் பிள்ளை யார்? கடைசி இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில் அந்தப் பிள்ளை டிரைவரோடு தனியாக இருக்கிறது, வாரா வாரம், ஒரே நேரத்தில், ஒரே பாதையில். பத்து நிமிடமாகவும் இருக்கலாம், அரை மணியாகவும் இருக்கலாம். வேனில் எப்போதும் இரண்டாவது பெரியவர் ஒருவர் இருந்து, கடைசிப் பிள்ளையை வாசலில் வீட்டாரிடம் ஒப்படைத்த பிறகுதான் இறங்க வேண்டும். பாடகர் குழு ஒத்திகை முடிந்து இரவு எட்டரைக்கு "நானே பைக்கில் விட்டுடுறேன்" என்பதற்கும் இதே விதிதான். போனுக்கும் இதே விதி. பெரியவர் எவரும் பிள்ளைக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்பக் கூடாது. பெற்றோரும் இன்னொரு ஆசிரியரும் இருக்கும் குழுவில் மட்டுமே. 'தினமும் ஒரு வசனம்' என்று தொடங்கிய தனிச் செய்தி எங்கெங்கோ போய் நின்றதை வழக்குக் கட்டுகளில் படித்திருக்கிறேன்.

தனி ஜெபம் பற்றிப் பேசத் தயங்குவார்கள், ஆனால் பேசியே ஆக வேண்டும். பிசாசு பிடித்திருக்கிறது, கட்டு இருக்கிறது என்று வயதுப் பெண்ணை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி ஜெபிப்பது, உடம்பில் கைவைத்து எண்ணெய் பூசுவது எதுவும் கூடாது. ஜெபம் ஹாலில், அம்மா பக்கத்தில் இருக்க, தலையில் அல்லது தோளில் மட்டும் கைவைத்து நடக்கலாம்; அதற்கும் பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம். கத்தோலிக்கப் பங்குகளில் பிள்ளைகளின் பாவசங்கீர்த்தனம், அதாவது பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லி அறிக்கையிடுவது, கோவிலுக்குள் எல்லாரும் பார்க்கும் இடத்திலேயே நடக்கலாம். பீடச் சிறுவர்களை யாரும் தனியாகப் பாதிரியார் இல்லத்துக்கு வரச் சொல்லக் கூடாது. வெளியூரிலிருந்து வரும் ஊழியக்காரரைப் பிள்ளைகள் இருக்கும் விசுவாசி வீட்டில் தங்கவைப்பது நம் ஊரில் பெரிய மரியாதை. அந்த மரியாதையை ஒரு லாட்ஜ் அறை எடுத்துக் கொடுத்தும் செய்யலாம். முகாம்களில், பெரியவர் பிள்ளையைத் தொந்தரவு செய்வது மட்டும் ஆபத்து இல்லை. பதினாறு வயதுப் பையன்களையும் ஒன்பது வயதுப் பிள்ளைகளையும் ஒரே ஹாலில் பாய் விரித்துப் படுக்கவைப்பதும் ஆபத்துதான். வயதுவாரியாகப் பிரியுங்கள், இரவில் மாறி மாறி விழித்திருக்க ஆள் போடுங்கள்.

ஆள் சேர்ப்பதில், போலீஸ் சரிபார்ப்பு கட்டாயம் செய்யுங்கள். போக்சோ விதிகள் 2020, பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குக் குறிப்பிட்ட இடைவெளிகளில் போலீஸ் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் செய்ய வேண்டும் என்கின்றன. ஆனால் அந்தக் காகிதம் என்ன சொல்லும், என்ன சொல்லாது என்று தெரிந்து வாங்குங்கள். ஏற்கெனவே வழக்கில் சிக்கியவரை மட்டுமே அது காட்டும். பெரும்பாலானவர்கள் ஒருமுறைகூடச் சிக்கியதில்லை. அதைவிடப் பயன்படுவது, முன்பிருந்த சபைக்கு ஒரு போன் போட்டு, "இவரிடம் உங்கள் பிள்ளைகளைத் திரும்ப ஒப்படைப்பீர்களா?" என்று நேராகக் கேட்பது. பதில் வருவதற்கு முன் விழும் இடைவெளியே சில சமயம் போதும். புதிதாகச் சபைக்கு வந்தவருக்கு ஆறு மாதத்துக்குப் பிள்ளைகள் ஊழியத்தில் இடம் இல்லை என்று பொதுவாக ஒரு விதி வையுங்கள். இரை தேடி வருகிறவருக்குக் காத்திருக்கப் பொறுமை இருக்காது. சிசிடிவி வைப்பது நல்லது, நடைபாதையிலும் வாசலிலும். ஆனால் பிரச்சினை வந்த பிறகுதான் அதை யாரும் பார்ப்பார்கள். பதிவும் சில வாரங்களில் அழிந்துவிடும்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் உறுதியானது எது, உறுதியில்லாதது எது என்று பிரித்துச் சொல்கிறேன். இந்த வகுப்புகளால் பிள்ளைகளின் அறிவு கூடுகிறது, யாரிடம் சொல்லலாம் என்று தெரிகிறது. இதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. வகுப்பு முடிந்த அன்றே ஒரு பிள்ளை ஓரமாக வந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கொடுமையே இதனால் குறைகிறது என்று இதுவரை நிரூபணமாகவில்லை. எட்டு வயதுப் பிள்ளை 'வேண்டாம்' என்று கத்தி ஒரு பெரிய ஆளைத் தடுக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை. பெரியவர்களின் விதிகள் முதலில் வரட்டும், வகுப்பு அதற்குத் துணையாக இருக்கட்டும். வகுப்பில் மூன்று விஷயம் வந்தால் போதும். உடல் உறுப்புகளுக்கு வெட்கமில்லாத சரியான பெயர்கள். அம்மா அப்பாவிடம் சொல்லக்கூடாத ரகசியம் என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் அதை உடனே சொல்லலாம் என்ற அனுமதி. யார் செய்தாலும், பாஸ்டர் அங்கிள் செய்தாலும், தப்பு உன்னுடையது இல்லை என்ற வார்த்தை. 'பாஸ்டர் அங்கிள்' என்பதை விட்டுவிட்டு இந்த வகுப்பை எடுக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? போக்சோ 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயது நிறையாத எல்லாரும் பிள்ளைகள், ஆணும் பெண்ணும். பாலியல் நோக்கத்தோடு தொடுவது குற்றம். ஆடைக்கு மேல் தொட்டால் குற்றம் இல்லை என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் நிராகரித்துவிட்டது. தொடாமல் ஆபாசப் படம் காட்டுவதும், அசிங்கமாகப் பேசுவதும் குற்றமே. கல்வி நிறுவனத்தின் அல்லது மத நிறுவனத்தின் நிர்வாகத்தில், பணியில் இருப்பவர் அங்குள்ள பிள்ளையிடம் இதைச் செய்தால் சட்டம் அதைத் தனியாகக் கடுமையான குற்றமாக வைத்திருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஊடுருவிய பாலியல் தாக்குதலாக இருந்தால் குறைந்தபட்சத் தண்டனையே 20 வருடம்.

மூப்பர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டியது 19, 21 பிரிவுகள். குற்றம் நடந்தது என்று தெரிந்தாலும், நடக்கப்போகிறது என்ற அச்சம் இருந்தாலும், யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே இருப்பவரைப் பற்றி மறைத்தால் ஒரு வருடம் வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் சட்டப்படி நடவடிக்கை கிடையாது, பின்னால் வழக்கு நிரூபணமாகாமல் போனாலும்கூட. வேண்டுமென்றே ஒருவரைச் சிக்கவைக்கப் பொய் சொல்லும் பெரியவருக்குத்தான் தண்டனை. பொய்ப்புகாரே வராது என்று நான் சொல்ல மாட்டேன். வந்தால் பிரித்துப் பார்க்க வேண்டியது காவல்துறையும் நீதிமன்றமும். இரண்டு பெரியவர் விதி அந்த வகையில் ஆசிரியருக்கும் பாதுகாப்பு.

ஒரு பிள்ளை உங்களிடம் வந்து சொன்னால் என்ன செய்வது? உட்கார்ந்து கேளுங்கள். முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். அதிர்ச்சியைப் பார்த்ததும் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. "அங்கே தொட்டாரா, இப்படிச் செய்தாரா?" என்று நீங்களே எடுத்துக்கொடுக்கக் கூடாது, "அப்புறம் என்ன ஆச்சு?" என்பது போதும். பிள்ளை தானாகச் சொன்னதோடு நிறுத்திவிடுங்கள், குடையாதீர்கள். "என்கிட்ட சொன்னது நல்லது, உன் மேல் தப்பு இல்லை" என்று சொல்லுங்கள். பிள்ளை போனதும் தேதி, நேரம் போட்டு, பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வையுங்கள். பிள்ளை 'உச்சா போற இடம்' என்று சொன்னால் அப்படியே எழுத வேண்டும், நாகரிகமாக மாற்றக் கூடாது. நடந்து ஓரிரு நாள்தான் ஆகிறது என்றால் குளிக்கவைக்காமல், உடுப்பைத் துவைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். முதலுதவி தர போலீஸ் காகிதம் வேண்டும் என்று மருத்துவமனை கேட்கக் கூடாது. அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள், குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐயும் கூப்பிடலாம்.

செய்யக் கூடாதது இதைவிட முக்கியம். மூப்பர்கள் முன்னால் பிள்ளையை மறுபடி சொல்லவைப்பது, அந்த ஆளைக் கூப்பிட்டு நேருக்கு நேர் நிறுத்துவது, பிள்ளையின் கையை அவர் கையில் வைத்து மன்னிப்பு ஜெபம் பண்ணுவது எதுவும் கூடாது. அந்த ஆளை முதலில் கூப்பிட்டு விசாரித்தால் போனில் இருப்பதை அழிக்கவும், குடும்பத்தை மிரட்டவும், பணம் பேசவும் நேரம் கொடுத்தவர்கள் ஆவீர்கள். போலீஸ் என்றாலே பெற்றோர் பயப்படுவார்கள். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை இல்லாமல், முடிந்தவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் பதிவு செய்ய வேண்டும் என்றும், இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது என்றும், பெயர் வெளியே வரக் கூடாது என்றும் சட்டம் சொல்வதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். நடைமுறையில் எல்லா இடத்திலும் அப்படியே நடக்கிறதா என்றால் இல்லை. அதற்காகத்தான் கூட ஓர் ஆள் போக வேண்டும், அந்த ஆள் சபையிலிருந்து போனால் குடும்பத்துக்கு எவ்வளவு பலம்! குற்றம் சாட்டப்பட்டவரை எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் அன்றே விலக்குங்கள். வேறு கிளைச் சபைக்கு மாற்றாதீர்கள். மேடையில் நிறுத்தி அவருக்காக ஜெபிக்காதீர்கள். அந்தப் பிள்ளையின் அம்மா கீழே உட்கார்ந்திருப்பார்.

வசனம் காட்டி வாயடைப்பார்கள், தயாராக இருங்கள். 'அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே' என்பார்கள். 105-ஆம் சங்கீதத்தில் அந்த வரி, ஊர் ஊராய்த் திரிந்த முற்பிதாக்களை ராஜாக்கள் ஒடுக்காதபடி கர்த்தர் காத்ததைப் பற்றியது. பலவீனர் பக்கம் நிற்கும் வசனம். கொரிந்தியர் நிருபத்தைக் காட்டி 'சகோதரர்கள் கோர்ட்டுக்குப் போகலாமா' என்பார்கள். பவுல் அங்கே பேசுவது ஒருவரையொருவர் ஏமாற்றும் அற்ப வழக்குகளை; பிள்ளைக்கு நடந்த குற்றம் அற்ப வழக்கா? 'முதலில் தனியாகப் போய்க் கண்டித்துக்கொள்' என்ற மத்தேயு 18-ஐக் காட்டுவார்கள். அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே, சிறியவரில் ஒருவரை இடறச் செய்கிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது நலம் என்று இருக்கிறது. மன்னிப்பு தேவனுடைய காரியம், மன்னிக்கும் நேரம் பாதிக்கப்பட்டவருடைய உரிமை. மனந்திரும்பி வந்தார் என்றே வையுங்கள், ஆராதனையில் ஓரிடத்தில் ஒருவர் துணையோடு உட்காரலாம். பிள்ளைகள் பக்கம் ஆயுசுக்கும் போகக் கூடாது.

இரண்டு விஷயங்களில் என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைப் பாதிரியார் போலீஸில் சொல்ல வேண்டுமா? 19-ஆம் பிரிவில் குருக்களுக்கு விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. திருச்சபைச் சட்டமோ அந்த ரகசியத்தின் முத்திரையை உடைக்கக் கூடாது என்கிறது. சட்டத்தின் பக்கம்தான் நான் நிற்கிறேன், ஆனால் மனசாட்சியோடு மறுப்பவர்களை மதிக்கிறேன். இன்னொன்று, 17 வயதுப் பெண்ணும் 19 வயதுப் பையனும் விரும்பிப் பழகுவது. சட்டப்படி அதுவும் போக்சோவில் வரும். இந்த வயதில் நீதிமன்றங்களுக்கு விருப்புரிமை வேண்டும் என்று சட்ட ஆணையமே 2023-இல் பரிந்துரைத்தது. இப்படி ஒன்று வந்தால் வக்கீலைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

இனி, பாஸ்டர் மனம் நோகுமே என்ற கேள்வி. அவரிடம் யாரைப் பற்றியும் புகாராக ஆரம்பிக்காதீர்கள். "இந்த விதிகளை முதலில் உங்களுக்கே போட்டுக்கொண்டு மேடையிலிருந்து அறிவியுங்கள், மற்றவர்கள் முறுக்கிக்கொள்ள மாட்டார்கள்" என்று கேளுங்கள். நல்ல பாஸ்டர்கள் பலர் இதைக் கேட்டதும் நிம்மதி அடைவதைத்தான் பார்த்திருக்கிறேன். தங்கள் பேரும் இதனால் காப்பாற்றப்படுகிறது என்று உடனே புரிந்துகொள்கிறார்கள். பிள்ளைகளோடு பழகும் எல்லா அமைப்புகளும் அரசின் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கையை ஏற்க வேண்டும் என்று 2020 விதிகளில் இருப்பதைக் காட்டி, சட்டம் கேட்கிறது என்று பேச்சை எடுத்தால் யார் மேலும் சந்தேகப்பட்டதாக ஆகாது. விதிகளை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, எல்லா ஆசிரியர்களிடமும் கையெழுத்து வாங்கி, பெற்றோர் பார்க்கும்படி 1098 எண்ணோடு சுவரில் ஒட்டுங்கள். புகார் கேட்க இரண்டு பேரைப் போடுங்கள், ஒருவராவது பெண்ணாகவும், ஒருவராவது பாஸ்டர் குடும்பத்துக்கும் கமிட்டிக்கும் வெளியே உள்ளவராகவும் இருக்கட்டும். எல்லாம் கேட்டபிறகும் அவர் மறுத்தால், எப்போது கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று எழுதி வைத்துக்கொண்டு, உங்கள் வகுப்பில் உங்களால் முடிந்த விதிகளை இந்த வாரமே தொடங்குங்கள். தகவல் சொல்லும் கடமையைச் சட்டம் சபையின் மேல் மட்டும் வைக்கவில்லை, தனியாக உங்கள் மேலும் வைத்திருக்கிறது. ஒரு பிள்ளை உங்களிடம் வாய் திறந்தால் நீங்கள் கமிட்டி கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, பாஸ்டரிடம் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை.